விரல் வைக்காமலே பதியும் ரேகை

மலேசியாவில் ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்ததும் மைகாட் அடையாள அட்டை எடுக்க வேண்டும். பெற்றோருடன் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்துக்குச் செல்லும் பிள்ளையை அதிகாரி நிழற்படம் எடுக்கிறார். பெருவிரல்களைக் கருவியின்மீது வைக்கச் சொல்கிறார். அந்த ரேகை அட்டையிலுள்ள சில்லில் பதிவாகிறது. ரேகையைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும். விரலை வைப்பதும் அந்தப் பிள்ளைதான்.

இணையத்திலும் ஒருவகை ரேகை உண்டு. அதற்கு 'உலாவிக் கைரேகை' என்று பெயர். ஒருவர் தம் கணினியிலோ கைப்பேசியிலோ ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது, அவருடைய கருவியின் சிறு சிறு இயல்புகளைத் திரட்டி அவரை அடையாளம் காணும் முறை அது. இந்த ரேகையைப் பதிய விரல் வேண்டியதில்லை. பெரும்பாலும் அனுமதியும் கேட்கப்படுவதில்லை. பக்கம் திரையில் தோன்றி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

குக்கீ என்னும் அடையாளச் சீட்டு

உலாவிக் கைரேகையைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பு வந்த குக்கீயைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. தொடக்கக் கால இணையத்தளங்களுக்கு நினைவாற்றல் இல்லை. ஒரு கடையின் பக்கத்தில் ஒருவர் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றால், அவர் யார் என்பதையே தளம் மறந்துவிடும். இக்குறையைப் போக்க 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொண்டுலி குக்கீயை உருவாக்கினார். தளம் ஓர் எண்ணை உலாவியிடம் கொடுக்கும். உலாவி அதைச் சேமித்து வைத்து, மறுமுறை வரும்போது காட்டும். மருந்தகத்தில் வரிசை எண் அச்சிட்ட சீட்டைத் தருவதைப் போன்றது இது.

பின்னாளில் விளம்பர நிறுவனங்கள் இச்சீட்டைப் பயனர்களைப் பின்தொடரப் பயன்படுத்தின. ஆனாலும் குக்கீயில் ஒரு நன்மை உண்டு. சீட்டு பயனரின் கருவியிலேயே இருக்கிறது. அவர் அதைப் பார்க்கலாம், அழிக்கலாம், ஏற்க மறுக்கலாம். உலாவியின் மறைநிலைச் சாளரத்தை மூடியதும் அதில் பெற்ற சீட்டுகள் தாமாகவே அழிந்துவிடும்.

உலாவிக் கைரேகையில் சீட்டு எதுவும் கொடுக்கப்படுவதில்லை. வாசலில் நிற்பவர் வருபவரின் முகத்தையே நினைவில் வைத்துக்கொள்கிறார். சீட்டைக் கிழித்துப் போடலாம். முகத்தைக் கழற்றி வைக்க முடியாது. பயனரின் கருவியில் எதுவும் சேமிக்கப்படாததால், அழிப்பதற்கும் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. மறைநிலைச் சாளரத்தைத் திறந்தாலும் கருவி அதே கருவிதான். அதன் இயல்புகளும் பெரும்பாலும் அவையேதான்.

பத்துக் கேள்விகளில் ஒரு மாணவர்

ஆயிரம் மாணவர்கள் பயிலும் ஒரு பள்ளியில், பெயரைக் கேட்காமல் ஒரு மாணவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூக்குக்கண்ணாடி அணிபவரா? பேருந்தில் வருபவரா? காலைப் பிரிவில் படிப்பவரா? ஒவ்வொரு கேள்வியும் கூட்டத்தைப் பாதியாகக் குறைக்குமானால், ஆயிரம் ஐந்நூறாகும். ஐந்நூறு இருநூற்று ஐம்பதாகும். பத்தாவது கேள்வியின் முடிவில் எஞ்சி நிற்பவர் ஒருவர்தான். மூக்குக்கண்ணாடி அணிவது யாருக்கும் இரகசியமன்று. பேருந்தில் வருவதும் அப்படித்தான். ஆயினும் இத்தகைய சாதாரணத் தகவல்கள் ஒன்றுசேரும்போது ஒரே ஒருவரைச் சுட்டுகின்றன.

இவ்வாறு பாதியாகக் குறைக்கும் ஒரு கேள்வி தரும் தகவலின் அளவைக் கணினி அறிவியலார் 'ஒரு பிட்' என்கின்றனர். உலக மக்கள் தொகை 8 பில்லியனைத் தாண்டிவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்திலும் ஒருவரைத் தனியே பிரித்துக் காட்ட 33 பிட் போதும். ஏனெனில், 2ஐ 33 முறை பெருக்கினால் 8.5 பில்லியனுக்கும் மேல் வரும்.

எல்லாக் கேள்விகளும் கூட்டத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதில்லை. 'பள்ளிச் சீருடை அணிந்தவரா?' என்ற கேள்வியால் பயன் இல்லை. அனைவரும் 'ஆம்' என்பார்கள். 'இடக்கைப் பழக்கம் உள்ளவரா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தால், கூட்டம் ஒரேயடியாகச் சுருங்கிவிடும். ஓர் இயல்பு எந்த அளவுக்கு அரிதோ, அந்த அளவுக்கு அது ஒருவரைக் காட்டிக் கொடுக்கிறது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் உலாவிக் கைரேகையின் மற்றப் பகுதிகள் எளிதில் விளங்கும்.

ரேகை எடுக்கப்படும் விதம்

ஒரு பக்கத்தைக் கேட்கும்போதே உலாவி தன்னைப் பற்றிச் சில செய்திகளைத் தளத்துக்கு அனுப்புகிறது. தன் பெயர், பதிப்பு, தான் இயங்கும் இயங்குதளம், பயனர் விரும்பும் மொழிகளின் வரிசை ஆகியவை அவற்றுள் அடங்கும். பக்கம் வந்து சேர்ந்ததும் அதனுடன் வரும் நிரல் மேலும் கேட்கிறது: திரையின் அகலமும் உயரமும் என்ன? நேர மண்டலம் எது? தொடுதிரை உண்டா? செயலியில் எத்தனை உட்கருக்கள் உள்ளன?

இத்தகவல்கள் உளவு பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. திரையின் அளவு தெரிந்தால்தான் கைப்பேசிக்கு ஏற்றவாறு பக்கத்தை அமைக்க முடியும். மொழி விருப்பம் தெரிந்தால்தான் பயனருக்குப் புரியும் மொழியில் பக்கத்தை அனுப்ப முடியும். நல்ல நோக்கத்துக்காகத் திறந்து வைக்கப்பட்ட சன்னல்கள் இவை. அதே சன்னல் வழியாக வேறு நோக்கம் கொண்டவரும் எட்டிப் பார்க்கிறார் என்பதே சிக்கல்.

சில தகவல்கள் நேரடியாகக் கேட்டுப் பெறப்படுவதில்லை, சோதித்து அறியப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, கருவியில் எந்தெந்த எழுத்துருக்கள் உள்ளன என்பதை அறிய, நிரல் ஒரே சொல்லைப் பல எழுத்துருக்களில் எழுதச் செய்து அதன் அகலத்தை அளக்கிறது. கேட்ட எழுத்துரு இருந்தால் அகலம் மாறும். இல்லையேல் வழக்கமான எழுத்துருவின் அகலமே கிடைக்கும்.

இன்னும் நுட்பமானது 'கான்வாஸ்' முறை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த கீட்டன் மோவரி, ஹோவாவ் ஷாச்சாம் ஆகிய இருவரும் 2012ஆம் ஆண்டில் இதை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பயனரின் கண்ணுக்குப் படாமல் சில எழுத்துகளையும் வண்ண வடிவங்களையும் வரையுமாறு நிரல் உலாவிக்குக் கட்டளையிடுகிறது. ஓவியம் எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றே. ஆனால், வரைகலைச் சில்லு, அதை இயக்கும் மென்பொருள், எழுத்துரு, எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் முறை ஆகியவை கருவிக்குக் கருவி வேறுபடுகின்றன. அதனால் படத்தின் நுண்புள்ளிகளிலும் சிறு வேறுபாடுகள் தோன்றுகின்றன. மனிதக் கண் அவற்றைக் காணாது, கணினி காணும். ஒரே முரசை அடித்தாலும் அடிப்பவரின் கைக்கேற்ப ஓசை மாறுவதைப் போன்றது இது.

இவ்வாறு திரட்டிய விடைகள் அனைத்தும் ஒரு கணக்கீட்டின் மூலம் ஒரு குறியீட்டு எண்ணாகச் சுருக்கப்படுகின்றன. அந்த எண்ணே உலாவியின் கைரேகை. மறுநாள் அதே எண் மீண்டும் தோன்றினால், வந்திருப்பது நேற்று வந்த அதே உலாவியாகத்தான் இருக்கும் என்று நிரல் முடிவு செய்கிறது.

ஆய்வுகள் காட்டும் உண்மை

இம்முறை உண்மையில் எந்த அளவுக்குப் பலிக்கிறது? அமெரிக்காவில் இணைய உரிமைகளுக்காகச் செயல்படும் எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி, 2010ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடை தேடினார். சோதனைத் தளமொன்றை அமைத்து, அதற்கு விரும்பி வந்தவர்களின் 470,161 உலாவிகளை அவர் ஒப்பிட்டார். அவற்றில் 83.6 விழுக்காட்டு உலாவிகளின் கைரேகை வேறு எந்த உலாவியோடும் ஒத்துப்போகவில்லை. உலாவியைப் புதுப்பிக்கும்போது கைரேகை மாறுவதையும் அவர் கண்டார். ஆனால், பழைய ரேகைக்கும் புதிய ரேகைக்கும் உள்ள ஒற்றுமையைக் கொண்டு, இரண்டும் ஒரே உலாவியுடையவை என்று பெரும்பாலும் சரியாகக் கணிக்க முடிந்தது.

ஆய்வுக் கூடத்துக்கு வெளியே இது நடக்கிறதா என்ற கேள்விக்கு 2014ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், உலகில் அதிகம் பார்க்கப்படும் 100,000 தளங்களைச் சோதித்தனர். அவற்றில் 5 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் கான்வாஸ் முறை செயல்பட்டுக்கொண்டிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருந்தது ஒரே நிறுவனத்தின் நிரல். பக்கத்தை நண்பர்களுடன் பகிர்வதற்கான பொத்தான்களை அந்நிறுவனம் இலவசமாக வழங்கிவந்தது. பொத்தானோடு நிரலும் சேர்ந்து வந்தது.

எதிர்த்திசையில் நம்பிக்கை தரும் முடிவும் உண்டு. 2018ஆம் ஆண்டில் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று, பொதுமக்கள் வழக்கமாகப் பார்க்கும் ஒரு தளத்தில் 2 மில்லியனுக்கும் மேற்பட்ட கைரேகைகளைத் திரட்டியது. அவற்றில் 33.6 விழுக்காடு மட்டுமே தனித்தவையாக இருந்தன. கைப்பேசிகளில் இது 18.5 விழுக்காடு. ஒரே வகைக் கைப்பேசியைப் பலர் வைத்திருப்பதும், கூடுதல் தகவல்களைக் கசியவிட்ட பழைய மென்பொருள்கள் உலாவிகளிலிருந்து நீக்கப்பட்டதும் இதற்குத் துணைபுரிந்தன. உலாவிகளை வடிவமைப்போர் மனம் வைத்தால் நிலைமையை மாற்ற முடியும் என்பதை இது காட்டுகிறது.

பெயர் தெரியாவிட்டால் என்ன?

"என் பெயர்தான் அவர்களுக்குத் தெரியாதே! பிறகு என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். ஒரே நிறுவனத்தின் நிரல் பல தளங்களில் அமர்ந்திருக்கும்போது இக்கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஒரு மாணவி தன் தாயாருக்கு வந்த நோயைப் பற்றி ஒரு மருத்துவத் தளத்தில் படிக்கிறாள். பிறகு கல்விக் கடனுதவி பற்றித் தேடுகிறாள். அதன்பின் ஒரு செய்தித்தளத்தைப் பார்க்கிறாள். மூன்றும் வெவ்வேறு தளங்கள். மூன்றிலும் அதே நிரல் இருந்தால், மூன்று வருகைகளும் ஒரே கைரேகையின் கீழ் ஒரே ஏட்டில் எழுதப்படும். என்றாவது ஒருநாள் அவற்றுள் ஒரு தளத்தில் அவள் தன் மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்து, அந்தத் தளம் அதை அந்நிறுவனத்துடன் பகிர்ந்தால், அதுவரை பெயரில்லாமல் இருந்த ஏட்டுக்குப் பெயர் வந்துவிடும். அன்று எழுதியது மட்டுமன்றி, முன்பு எழுதியவையும் அவள் பெயரில் சேரும்.

தனியுரிமை என்பது தவறு செய்தவர் ஒளிந்துகொள்ளும் இடமன்று. யாரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை அது. அண்டை வீட்டாரிடமும் சொல்லாத நோயைப் பற்றி, முன்பின் அறியாத ஒரு நிறுவனம் குறித்து வைத்திருப்பதை யாரும் விரும்பமாட்டார்.

இதே நுட்பத்தால் நன்மையும் உண்டு என்பதை மறுக்க இயலாது. ஒருவரின் கடவுச்சொல்லைத் திருடிய ஒருவன் அதுவரை காணாத கருவியிலிருந்து வங்கிக் கணக்கில் நுழைய முயன்றால், கைரேகை மாறியிருப்பதைக் கண்டு வங்கி எச்சரிக்கை அடையலாம். ஆகவே, கத்தியைப் போலவே இதற்கும் பிடித்திருக்கும் கையே குணத்தைத் தருகிறது. வாடிக்கையாளரைக் காப்பதற்காக எடுத்த ரேகையா, அவர் அறியாமல் அவரைப் பின்தொடர எடுத்த ரேகையா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கூட்டத்தோடு கலந்து நிற்றல்

குக்கீயிடமிருந்து தப்ப அதை அழித்தால் போதும். கைரேகையிடமிருந்து தப்ப ஒரு முக்கிய வழி, மற்றவர்களைப் போலவே தோன்றுவதுதான். ஆயிரம் பேர் ஒரே சீருடையில் நிற்கும்போது ஒருவரைத் தனியே சுட்டுவது கடினம். டோர் உலாவி இவ்வழியைப் பின்பற்றுகிறது. அதைப் பயன்படுத்துவோர் எந்த நாட்டில் இருந்தாலும் அது ஒரே நேர மண்டலத்தைக் காட்டும். சாளரத்தின் அளவைக் குறிப்பிட்ட சில பொது அளவுகளுக்குத் திருத்திக்கொள்ளும். சஃபாரி உலாவி, 2018ஆம் ஆண்டு முதல், கருவியுடன் வந்த எழுத்துருக்களை மட்டும் தளங்களுக்குக் காட்டுகிறது. பயனர் சேர்த்தவற்றை மறைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, கைரேகை எடுப்பதாக அறியப்பட்ட நிறுவனங்களின் நிரல்களைத் தானாகவே தடுக்கிறது. பிரேவ் உலாவி வேறு வழியில் செல்கிறது. விடைகளில் சிறு மாற்றங்களைக் கலந்து, தளத்துக்குத் தளம் வேறு ரேகை தோன்றச் செய்கிறது.

இங்கே தமிழ் பயில்வோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரிதான இயல்பே ஒருவரைக் காட்டிக் கொடுக்கிறது என்று முன்னர்ப் பார்த்தோம். கோலாலம்பூர் நேர மண்டலத்தில் இயங்கும் கைப்பேசிகளுள், முதல் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தவை ஒரு சிறு கூட்டம். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்றையும் அதே வரிசையில் அமைத்தவை அதனினும் சிறிய கூட்டம். கணினியில் விருப்பமான தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்தவர் இன்னும் தனித்துத் தெரிவார். ஆங்கிலத்தை மட்டும் பயன்படுத்துபவர் பெருங்கூட்டத்தில் மறைந்து நிற்க, தம் மொழியில் இணையத்தைப் பார்க்க விரும்புபவர் வெளிச்சத்தில் நிற்கிறார். டோர் உலாவி இதை உணர்ந்தே, கூடுதல் பாதுகாப்புக்காகப் பக்கங்களை ஆங்கிலத்தில் கேட்கலாமா என்று பயனரிடம் வினவுகிறது.

அப்படியானால், பாதுகாப்புக்காகத் தமிழை விட்டுவிட வேண்டுமா? அவ்வாறு செய்வது நோயைவிடக் கொடிய மருந்தாகும். தாய்மொழியில் படிப்பதற்குத் தனியுரிமையை விலையாகக் கேட்பது நியாயமன்று. இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. முதலாவது, மொழி விருப்பத்தையும் எழுத்துருக்களையும் தேவைக்கு மேல் வெளியிடாத வகையில் உலாவிகள் அமைக்கப்பட வேண்டும். சஃபாரி எழுத்துருக்களை மறைப்பது அத்தகைய ஒரு முயற்சியே. இரண்டாவது தீர்வு பயனர்களின் கையில் உள்ளது. தமிழைத் தேர்ந்தெடுப்போரின் எண்ணிக்கை பெருகப் பெருக, அது அரிய இயல்பாக இருக்காது. ஒருவர் தம் கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றும்போது, ஏற்கெனவே மாற்றியவர்கள் மறைந்து நிற்கும் கூட்டமும் சற்றுப் பெரிதாகிறது.

சட்டமும் பொறுப்பும்

பயனர் மட்டும் விழிப்பாக இருந்தால் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, குக்கீக்குரிய ஒப்புதல் விதிகள் கருவிகளின் கைரேகைக்கும் பொருந்தும் என்று 2014ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்தது. மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு நவம்பரில் நடப்புக்கு வந்தது. அடையாளம் காணக்கூடிய ஒருவரைப் பற்றிய தகவலை வணிக நிறுவனங்கள் எவ்வாறு கையாள வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. பெயரில்லாத ஒரு குறியீட்டு எண் எந்தக் கட்டத்தில் 'அடையாளம் காணக்கூடிய ஒருவர்' ஆகிறது என்பதுதான் இன்றைய சட்ட வல்லுநர்கள் எதிர்கொள்ளும் கேள்வி.

நிறுவனங்களின் நிலைப்பாடும் மாறிக்கொண்டே இருக்கிறது. கைரேகை எடுப்பது பயனரின் விருப்பத்தை மீறுவதால் அது தவறு என்று கூகல் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் கூறியது. அதே நிறுவனம், தன் விளம்பரச் சேவைகளைப் பயன்படுத்துவோருக்கு விதித்திருந்த கட்டுப்பாட்டை 2025 பிப்ரவரி 16 முதல் தளர்த்தியது. தொலைக்காட்சி உள்ளிட்ட புதிய கருவிகளில் விளம்பரம் பெருகியதையும், தகவலைப் பாதுகாக்கும் புதிய நுட்பங்கள் வந்திருப்பதையும் அது காரணமாகக் காட்டியது. இம்முடிவு பொறுப்பற்றது என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் கண்டித்தது. ஒரு நிறுவனத்தின் வாக்கை மட்டும் நம்பித் தனியுரிமையை ஒப்படைக்க முடியாது என்பதற்கு இது சான்று.

மாணவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உலாவியை அவ்வப்போது புதுப்பிக்கலாம். பின்தொடர்வதைத் தடுக்கும் அமைப்பை இயக்கி வைக்கலாம். தேவையற்ற நீட்சிகளை நீக்கலாம். எக்கர்ஸ்லி தொடங்கிய சோதனைத் தளம் இன்று 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. அதில் தம் உலாவியைச் சோதித்து, எந்த இயல்பு தம்மை அதிகம் காட்டிக் கொடுக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

மைகாட் எடுக்கும் நாளில் பிள்ளை தன் விரலைத் தானே கருவியின்மீது வைக்கிறது. எதற்காக வைக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியும். இணையத்தில் ரேகை எடுப்பவரிடமும் மக்கள் கேட்பது அதைத்தான்: முதலில் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.